மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் எதற்கு?

எதிர்க்காற்று, கோத்தகிரி:
மாதம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், குருவிடம் பாவங்களை அறிக்கையிடுங்கள் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார் எங்கள் பங்குத்தந்தை. எதற்கு? 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது ஆண்டுக்கு ஒருமுறை. இன்றைய திருச்சபைச் சட்டமும் சாவான பாவத்துக்குத்தான், அதாவது கனமான பாவத்துக்குத்தான், அதைக் கட்டாயமாக்குகிறது. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய நாளிலிருந்து நான் ஒப்பிப்பது ஒரே பட்டியல்: கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஜெபத்தில் பராக்குக்கு இடம் கொடுத்தேன். பரிகாரமாகச் சாமியார் தரும் அபராதமும் மாறவில்லை, மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம். போன மாத மளிகைச் சீட்டையே இந்த மாதமும் கடையில் நீட்டுகிறேன்.

காந்தல் பேத்தி, ஊட்டி:
கட்டாயமில்லை, சரி. அற்பப் பாவங்களையும் தவறாமல் அறிக்கையிடும்படி திருச்சபையின் மறைக்கல்வி நூல் வலியுறுத்துகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? போப்பும் 15 நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்கிறார் என்று 2013-இல் அப்போதைய போப் பிரான்சிஸே சொன்னார்.
என் பாட்டி மாதத்தின் முதல் வெள்ளிப் பாவசங்கீர்த்தனத்தைத் தவறவிட மாட்டார். வியாழன் இரவு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆத்தும சோதனை, செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது. விரல் மடக்கி எண்ணுவார். ஒருமுறை நாலாவது விரலில் நின்றவர், எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திரும்பி வரும்போது கையில் அவர்கள் வீட்டு அவரைக்காய்.

எதிர்க்காற்று:
பாட்டியைத் திருத்தியது அடுப்பங்கரை, கோயில் அல்ல. இந்த மலையூரில் இன்னொரு சங்கடம்: சனிக்கிழமை என் பாவத்தைக் கேட்கும் சாமியார் ஞாயிறு எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுகிறார்.

வெலிங்டன் ஓய்வு:
கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு அந்த நொடியே திருச்சபைக்குப் புறம்பாகிறார். கூச்சமென்றால் குன்னூருக்கு பஸ் ஏறுங்கள், அங்கேயும் சாமியார் இருக்கிறார்.

கொழுந்து ஏஜென்ட்:
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஃபாக்டரிக்கு அனுப்புகிறவன் நான். ஈரக் கொழுந்து என்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். வெயில் காலத்திலும் கழித்தேன். மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் செய்தவன்தான். என் பட்டியலும் கோபம், பொய், பராக்குதான். ஒரு தவக்காலத்தில் வெளியூர்ச் சாமியார் ஒருவர், எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்றார். தராசு என்ற சொல் வாயில் வந்ததும் தொண்டை அடைத்தது. ஜெபம் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். பழைய நோட்டுகளைப் புரட்டிக் கணக்குப் போட ஒரு வாரமாயிற்று.

எதிர்க்காற்று:
அப்படியானால் அத்தனை வருடம் மாதா மாதம் போனது வீண்தானே? உங்களை அசைத்தது ஒரே ஒரு கேள்வி.

காந்தல் பேத்தி:
அந்த மாதமும் போனதால்தானே கேள்வி காதில் விழுந்தது?

கொழுந்து ஏஜென்ட்:
இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை. பணத்தோடு வீடு வீடாகப் போனேன். ஒருவர் திட்டினார், ஒருவர் எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு அம்மா மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "நீ கழிப்பாய் என்று தெரியும் தம்பி. அதனால்தான் நான் சாக்கில் தண்ணீர் தெளித்தே அனுப்புவேன்."

எதிர்க்காற்று:
அந்த அம்மாவும் உங்கள் பங்குக் கோயில்தானா?

கொழுந்து ஏஜென்ட்:
ஆமாம். முதல் வெள்ளி வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நிற்பார்.