சீமெந்து விறாந்தையில கோல்ஃப் பட்டிங் பழகலாமோ?

வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் கிளிநொச்சி. கனடாவில இருந்து வந்த மச்சான் ஒரு பட்டரும் (கோல்ஃப் பந்தைக் குழிக்குள்ள உருட்டிவிடுற மட்டை) கொஞ்சப் பந்தும் விட்டிட்டுப் போனவர். வன்னியில கோல்ஃபோ எண்டு சிரிக்காதேங்கோ, அடுத்தமுறை அவர் வரேக்க நுவரெலியாவில 1889இல தொடங்கின கிளப்பில விளையாடப் போறம்.

விறாந்தையிலதான் பழகுறன். நேர் பரவாயில்லை; ரெண்டு சிரட்டையைக் கிட்டக்கிட்ட வைச்சு, நடுவால உருட்டுறன். வேகம்தான் பிடிபடுதில்லை. மெல்லத் தட்டினாலும் பந்து முத்தம் மட்டும் ஓடுது. குழியின்ர அகலம் 108 மில்லிமீற்றர்தான், வேகமா வாற பந்து விளிம்பைச் சுத்தி வெளிய போயிடுமே.

பாய், கம்பளம், எதை விரிச்சால் உண்மையான கிரீனுக்கு (குழியைச் சுத்திப் புல்லை ஒட்ட வெட்டின இடம்) கிட்ட வரும்? (முத்தத்தைச் சாணியால மெழுகித் தரவோ எண்டு அம்மா கேக்கிறா.) கிரீனின்ர வேகம் அளக்கிற ஸ்டிம்ப்மீற்றர் 36 அங்குல நீளம், கிட்டத்தட்ட 20 பாகை சரிவில பந்தை விடும். அலுமினியச் சட்டத்தில ஆராவது அப்பிடி ஒண்டு செய்து பாத்தனீங்களோ? மற்றது, தூரத்துக்குத் தக்க பட்டரைக் கூடப் பின்னுக்கு இழுக்கிறதோ, இல்லாட்டி ஒரே அளவு இழுத்துக் கையால விசையைக் கூட்டிறதோ? மச்சான் ரெண்டையும் சொல்லுறார்.