கைப்பம்பில் பிட்டர்: முதல் நாள் முழுக்க நுரை, நாலாம் நாள் புளிப்பு. எங்கே தப்பு?

டூட்டிங் தாகம்:
வீட்டில் காய்ச்சிய பிட்டர் (கசப்பான ஆங்கிலேய ஏல் பீர்). 19 லிட்டர் கார்னி கெக் (மூடி போட்ட எஃகுக் கலம்), செகண்ட் ஹேண்டில் வாங்கிய அரை பைண்ட் பீர் இன்ஜின் (கையால் இழுத்து ஊற்றும் பம்பு). மாரிஸ் ஆட்டர் மால்ட் 95%, கிரிஸ்டல் 5%, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப், எஸ்-04 ஈஸ்ட். தொடக்க அடர்த்தி 1.039, முடிவு 1.010. கெக்கில் 120 கிராம் சர்க்கரை, 18 டிகிரி கராஜில் இரண்டு வாரம். பிறகு கெக்கிலிருந்து நேராகப் பம்புக்கு லைன். இழுக்கும்போது உள்ளே காற்று போகணுமே என்று மூடியில் உள்ள ரிலீஃப் வால்வைத் திறந்து வைத்தாச்சு.

பிரச்சினைகள்: முதல் ஆறு கிளாஸ் வெறும் நுரை. கைப்பிடியைத் தொடாமலே பம்பின் மூக்கிலிருந்து சொட்டுது. நாலாம் நாள் புளிப்பு வாடை. கடைசி வரைக்கும் கலங்கல். குடிப்பது இரண்டே பேர், ஒரு கெக் மூன்று வாரம் தாங்கணும். வீட்டில் சைவம், அதனால் மீன் சமாச்சாரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அடுத்த பேட்ச் சனிக்கிழமை கெக்குக்குப் போகுது.

வால்வு வாத்தியார்:
நுரைக்குக் காரணம் பம்பு இல்லை, சர்க்கரை. 120 கிராம் என்பது பாட்டில் கணக்கு.

20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் சிஓ2 கரைந்து கிடக்கும் (ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு இருந்தால் ஒரு வால்யூம்). லிட்டருக்கு 3.8 கிராம் சர்க்கரை போட்டால் இன்னொரு வால்யூம் ஏறும். நீங்க போட்டது லிட்டருக்கு 6.3 கிராம், ஆக மொத்தம் 2.5 வால்யூம். 18 டிகிரியில் அது கெக்குக்குள்ளே 1.7 பார் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். பீப்பாய் ஏலுக்கு கிளாசில் 1.1, 1.2 இருந்தால் போதும். சனிக்கிழமை 40 கிராம் போடுங்க; 1.4 வரும், திறந்துவிட்ட பிறகு இறங்கி சரியான இடத்தில் நிற்கும்.

இதில் ஒரு பொறி இருக்கு. கார்னி கெக் மூடி உள்ளே இருந்து வரும் அழுத்தத்தால்தான் இறுகும். 120 கிராம் போட்டபோது அது தானாக இறுகியது. 40 கிராமில் வாயு மெதுவாகத்தான் ஏறும், இறுகாத ஓ-ரிங் (மூடியின் ரப்பர் வளையம்) வழியாக அப்படியே கசிந்து போயிடும். பத்து நாள் கழித்துத் திறந்தால் செத்த பீர். அதனால் மூடியதும் சிலிண்டரிலிருந்து 2 பார் சிஓ2 கொடுத்து மூடியை உட்கார வையுங்க. சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்க, குமிழி வரக் கூடாது. பிறகு ரிலீஃப் வால்வை இரண்டு மூன்று தடவை இழுத்து மேலே தேங்கிய காற்றை வெளியேற்றி, அரை பார் விட்டு வையுங்க. 20 டிகிரியில் பத்து நாள், அப்புறம் 12 டிகிரியில் ஒரு வாரம்.

சொட்டுவதற்கு: பீர் இன்ஜினில் உள்ள வால்வுகள் மேல் நோக்கித் திறப்பவை. கீழிருந்து அழுத்தம் வந்தால் தடுக்கவே தடுக்காது. கெக்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு டிமாண்ட் வால்வ் போடணும். பம்பு உறிஞ்சினால் மட்டும் திறக்கும்.

லீட்ஸ் பக்கம்:
புளிப்பு பற்றி யாரும் சொல்லலையே. ரிலீஃப் வால்வைத் திறந்து வைத்ததுதான் வினை. ஒவ்வொரு பைண்ட் இழுக்கும்போதும் 568 மில்லி கராஜ் காற்று உள்ளே போகுது, அதோடு அசிட்டிக் பாக்டீரியாவும். அதற்கு ஆக்சிஜன் கிடைத்தால் ஆல்கஹாலை வினிகராக்கிவிடும். பப்பில் திறந்த பீப்பாயை மூன்று நாளில் காலி பண்ணப் பார்ப்பது இதனால்தான். அங்கே மூன்று நாளில் 72 பைண்ட் போகும், உங்க வீட்டில் போகாது.

இன்னொரு இடமும் இருக்கு. அரை இஞ்ச் உள்விட்டமுள்ள லைன் ஒரு மீட்டருக்கு 127 மில்லி பிடிக்கும். இரண்டு மீட்டர் லைனும் 284 மில்லி சிலிண்டரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு பைண்ட், ராத்திரி முழுக்க அறைச் சூட்டில் கெக்குக்கு வெளியே நிற்குது. கெக் நல்லாயிருந்தாலும் மறுநாள் முதல் கிளாஸ் புளிக்கும். அன்றன்றைக்கு முடித்ததும் லைனைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை இழுங்க. பிறகு வாளியிலிருந்து எடுத்து காற்றை இழுத்து வடிய விடுங்க. வாரம் ஒரு முறை லைன் கிளீனர், டப்பாவில் போட்ட அளவு, போட்ட நேரம். அதிகம் ஊறப் போட்டால் பம்பின் வாஷர்கள்தான் கெடும். அப்புறம் நல்லா அலசுங்க, அது ஆல்கலி ரசாயனம்.

ஸ்பார்க்ளர் (பம்பு மூக்கு நுனியில் மாட்டும் சின்னத் துளைகள் உள்ள மூடி) மாட்டியிருந்தால் முதல் தடவை கழற்றி வைத்து ஊற்றிப் பாருங்க. வாயு அதிகமான பீரில் ஸ்பார்க்ளர் இருந்தால் நுரை தவிர வேறெதுவும் வராது. அளவு சரியானதும் மாட்டிக்கலாம். அது இல்லாத பிட்டர் எனக்குப் பிட்டரே இல்லை, இங்கிலாந்துத் தெற்கத்திக்காரங்க கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஹாரோ அக்கா:
கலங்கலுக்கு நான் சொல்லுறன். பியரைத் தெளிய வைக்கப் போடுற ஐசின்கிளாஸ் மீனின்ரை காற்றுப்பையிலை இருந்து எடுக்கிறது, அது உங்களுக்குச் சரிவராது. ஜெலட்டினும் மிருகத்திலை இருந்துதான், அதையும் விடுங்கோ. அது ரெண்டும் இல்லாமலே தெளிய வைக்கலாம்.

முதலாவது, கொதிக்கிற கடைசிப் பதினைந்து நிமிசத்திலை புரோட்டாஃப்ளாக் குளிசை போடுங்கோ, பெட்டியிலை சொன்ன அளவு. கடற்பாசிச் சரக்கு. மால்ட்டிலை இருக்கிற புரதத்தைப் பிடிச்சுக் கீழை இறக்கும், ஈஸ்ட்டுக்கு ஒண்டும் செய்யாது. எஸ்-04 தானாகவே இறுகிப் படியிற ஈஸ்ட், அதுக்கு நாள்தான் வேணும். சனிக்கிழமை போகிற பியருக்கு இது பிந்திப் போச்சு, அதாலை 12 பாகையிலை ஒரு கிழமைக்குப் பதிலா ரெண்டு கிழமை விடுங்கோ.

ரெண்டாவதுதான் முக்கியம். கெக்கின்ரை டிப் குழாய் அடி வரைக்கும் போகுது, நீங்கள் மண்டிக்குள்ளை ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சிறியள். குழாயிலை 2 சென்றிமீற்றர் வெட்டுங்கோ, இல்லாட்டி மிதக்கிற குழாய் ஒண்டு வாங்குங்கோ, அது மேலை தெளிஞ்ச பியரைத்தான் எடுக்கும். அதோடை கெக்கை ஊற்றப்போற இடத்திலேயே வைச்சுத் தெளிய விடவேணும். தூக்கி நடந்தால் மண்டி எழும்பும், திரும்பப் படிய ரெண்டு நாள்.

10 பாகைக்குக் கீழை குளிர வைக்காதையுங்கோ. தெளிஞ்ச பியரிலும் குளிர்க் கலங்கல் வந்து நிக்கும்.

டூட்டிங் தாகம்:
நன்றி அக்கா, வாத்தியார், லீட்ஸ். குழாயை இன்றைக்கே வெட்டிடுறேன். காற்று உள்ளே போகக் கூடாது, வெற்றிடமும் வரக் கூடாது என்றால் என்ன வழி? சிஓ2வை மாட்டினால் திரும்ப வாயு ஏறிடாதா?

வால்வு வாத்தியார்:
ஏறும், சாதாரண ரெகுலேட்டரில். அதில் 0.2 பாருக்குக் கீழே நம்பி வைக்க முடியாது. கேரவனுக்கு விற்கும் புரோப்பேன் ரெகுலேட்டர் 37 மில்லிபாரில் நிலையாக நிற்கும், விலையும் குறைவு. வரிசை இது: சிஓ2 சிலிண்டர், சாதாரண ரெகுலேட்டர் (அரை பார்), அதன் பின்னால் புரோப்பேன் ரெகுலேட்டர், அங்கிருந்து கெக்கின் வாயு முனை. பம்பு இழுத்தால் அதே அளவு வாயு உள்ளே வரும், இழுக்காவிட்டால் ஒன்றும் வராது. 12 டிகிரியில் 37 மில்லிபார் எத்தனை நாள் நின்றாலும் பீரில் 1.16 வால்யூமுக்கு மேல் கரையாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

புரோப்பேன் ரெகுலேட்டரை நேராக சிலிண்டரில் மாட்டவே கூடாது. அறைச் சூட்டில் சிஓ2 சிலிண்டருக்குள்ளே 50 பாருக்கு மேல் இருக்கும், அது தெறிச்சிடும். புதுசாக வாங்குங்க, ஏற்கெனவே கேஸுக்கு ஓடியதில் வாடை போகாது. கராஜ் கதவையும் மூடியே வைக்காதீங்க. சிலிண்டர் கசிந்தால் சிஓ2 தரையோடு தேங்கும்.

37 மில்லிபார் என்பது ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். கெக்கில் உள்ள பீர் மட்டத்துக்கு மேலே பம்பு மூக்கு 38 சென்டிமீட்டருக்கு அதிக உயரத்தில் இருந்தால் டிமாண்ட் வால்வ் இல்லாமலே சொட்டாது. மேசை மேலே பம்பு, தரையில் கெக் என்றால் கவலையில்லை.

பழைய பீப்பாய்:
அப்போ அது ரியல் ஏலே இல்லையே!

லீட்ஸ் பக்கம்:
இந்தச் சண்டை பழசு. ரியல் ஏலுக்காக (வெளியிலிருந்து வாயு சேர்க்காத மரபான பீப்பாய் பீர்) 1971இல் தொடங்கிய கேம்ரா சங்கம் இந்த மாதிரி பிரீதரை (காலி இடத்தில் சிஓ2 நிரப்பும் அமைப்பை) ரொம்ப வருஷம் ஏற்றுக்கவில்லை, 2018இல் எதிர்ப்பை விட்டுட்டாங்க. வாயு பீரைத் தள்ளவில்லை, காலி இடத்தைத்தான் நிரப்புது. மூன்று வாரம் வினிகர் குடிப்பதற்கு இது மேல்.

ஹாரோ அக்கா:
சிலிண்டர் செலவு வேண்டாம் எண்டால் பாலிபின் எடுங்கோ. அட்டைப்பெட்டிக்குள்ளை ஒரு பிளாஸ்ரிக் பை, 36 பைண்ட் கொள்ளும். பியர் குறையக் குறைய பை சுருங்கும், காற்று உள்ளை போகாது. சர்க்கரை லீற்றருக்கு 1 கிராம் காணும், அதுக்கு மேலை போட்டால் பை ஊதிப் பெட்டி வெடிக்கும். தினமும் ஒருக்காப் பாருங்கோ. உப்பியிருந்தால் குழாயை மேலை பாக்கத் திருப்பி வாயுவை மட்டும் விடுங்கோ. நிரப்பேக்கை சைஃபன் குழாயின்ரை நுனி அடியைத் தொட வேணும், மேலை இருந்து சளசளவெண்டு ஊத்தினால் ஒரு கிழமையிலேயே நனைஞ்ச அட்டை வாடை. நேராக் குழாயாலையும் பிடிக்கலாம், பம்பையும் பூட்டலாம்.

அடையாறு வாசகன்:
இதை சென்னையில் வீட்டில் செய்யலாமா?

வால்வு வாத்தியார்:
கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். இங்கிலாந்தில் 1963 முதல் சொந்தக் குடிப்புக்கு உரிமம் வேண்டாம். இங்கேயும் விற்கக் கூடாது.

டூட்டிங்குக்கு ஒரு விட்டுப்போன விஷயம்: குழாயை வெட்டினதும் முனையை அரத்தால் தேய்ச்சு பிசிறு எடுத்துடுங்க, திரும்ப மாட்டும்போது அதன் மேல் முனையில் இருக்கும் சின்ன ஓ-ரிங் விழுந்துவிடாமல் பாருங்க. அது இல்லாவிட்டால் பம்பு பீரோடு மேலே இருக்கும் வாயுவையும் சேர்த்து உறிஞ்சும், நீங்க திரும்ப சர்க்கரையைத் திட்டுவீங்க.