சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்கா, டர்பன்) குடும்பக் குழு: மாமா விழுந்த மறுநாள்

சாந்தி: நேற்று ராத்திரி ரங்கா மாமா விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டு போனவர் அலமாரி ஓரம் சரிந்திருக்கிறார். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. விடியும்வரை தரையில்தான்.

லலிதா: ஐயோ அண்ணா. முருகா

செல்வம்: அப்பா, இங்கே ஜோகன்னஸ்பர்க் வந்துவிடுங்கள்

ரங்கா மாமா: வரமாட்டேன்

லலிதா: கூப்பிடுகிறவன் இந்த வருஷம் எத்தனை தடவை டர்பன் வந்தான்?

சாந்தி: சின்னம்மா, அது இப்போது வேண்டாம்

தேவா: கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சென்சார் விளக்கு போடுகிறேன், மாமா கால் தரையில் பட்டதும் தானே எரியும். கழிப்பறையில் தரைவரை தொங்கும் கயிறு, படுத்தபடியே இழுத்தால் நம் எல்லார் போனிலும் மணி அடிக்கும். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், அப்புறம் மணியும் இல்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு, முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் குறைந்தாலும் கேபிள் திருட்டு நிற்கவில்லையே. அதனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் கட்டாயம். இன்னொன்று, ஆம்புலன்ஸ் வந்தால் கம்பிக் கதவை யார் திறப்பது?

செல்வம்: அலெக்சா வாங்கி அனுப்புகிறேன், வாயால் சொன்னால் போதும்

சாந்தி: பக்கவாதத்துக்குப் பிறகு மாமா பேசுவது நமக்கே இரண்டாவது தடவைதான் புரிகிறது. அதுவும் தமிழில். அவருக்குப் பெரிய பொத்தான்தான் சரி, இடது கைப் பக்கம்.

செல்வம்: கேமராவாவது வைக்கலாமே

ரங்கா மாமா: கேமரா வேண்டாம். நான் குளிப்பதை ஜோபர்க்கில் பார்க்க வேண்டாம்

தேவா: கேமரா கிடையாது மாமா. நீங்கள் இழுத்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

ரங்கா மாமா: வாசல் 3 படி. அதை முதலில் பார். சக்கர நாற்காலியில் நானே கோயிலுக்குப் போக வேண்டும்

தேவா: படி மூன்றும் சேர்த்து அரை மீட்டர் உயரம் இருக்கும். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற கணக்கில் சரிவு 6 மீட்டர் ஓடும், கறிவேப்பிலை மரம் இடிக்குமே

ரங்கா மாமா: மரத்தைத் தொடாதே. அவள் வைத்தது

சாந்தி: மரத்தைச் சுற்றி வளைத்துப் போடு தேவா

லலிதா: ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறோம், ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் பெரிய அண்டா யார் வீட்டில்?

செல்வம்: செலவு என்னுடையது

சாந்தி: அதைப் பிறகு பேசலாம்

தேவா: சனிக்கிழமை காலை அளவெடுக்க டேப் கொண்டு வருகிறேன்

ரங்கா மாமா: கம்பிக் கதவுச் சாவி சாந்தியிடம் ஒன்று

செல்வம்: எனக்கு அப்பா?

ரங்கா மாமா: வந்து வாங்கிக்கொள்

லலிதா: அண்டா?