உளுந்து ரைசோபியம்: ஓ.டி. ஏறுகிறது, பிளேட்டில் எண்ணிக்கை இறங்குகிறது. எதை நம்புவது?

ஆலங்குளத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி கடைசி வருஷம். பிராஜெக்டுக்காக எங்கள் ஊர்ப் பக்கத்து உளுந்து வயலில் செடி பிடுங்கி, வேர்முடிச்சிலிருந்து ரைசோபியம் (காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா) பிரித்திருக்கிறேன். காங்கோ ரெட் சாயம் கலந்த ஒய்.இ.எம். (ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், மானிட்டால் சர்க்கரை போட்ட ஊடகம்) அகாரில் நாலைந்து நாளில் வெள்ளையாக, பளபளவென்று, லூப்பால் தொட்டால் நூலாக இழுபடுகிற காலனி. கிராம் நெகட்டிவ் கோல். இதுவரை சரி.

இப்போது வளர்ச்சி வரைகோடு போடவேண்டும். 250 மி.லி. பிளாஸ்க்கில் 100 மி.லி. பிராத் (அகார் சேர்க்காத அதே ஊடகம்) ஊற்றி, பாக்டீரியாவை விட்டு, பஞ்சு அடைத்து ஷேக்கரில் வைத்தேன். தினமும் 600 நானோமீட்டரில் ஓ.டி. (பிராத்தின் கலங்கலைக் காட்டும் அளவு) பார்த்து, அதே சாம்பிளை நீர்த்து ஸ்பிரெட் பிளேட்டும் (அகார் தட்டில் பரப்பி, முளைக்கிற காலனியை எண்ணுவது) போட்டேன். ஒரு மி.லி.க்குக் கிடைத்த கணக்கு:

முதல் நாள்: ஓ.டி. 0.12, காலனி 7 × 10⁷
2-ம் நாள்: 0.41, 2.6 × 10⁸
3-ம் நாள்: 0.88, 6.4 × 10⁸
4-ம் நாள்: 1.30, 7.1 × 10⁸
5-ம் நாள்: 1.62, 3 × 10⁸
6-ம் நாள்: 1.85, 8 × 10⁷

மூன்றாம் நாள் வரை இரண்டும் சேர்ந்து போகிறது. அப்புறம் ஓ.டி. பாட்டுக்கு ஏறுகிறது, பிளேட்டில் ஆளைக் காணோம். கூடப் படிக்கிறவர்கள், "ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடு, வைவாவில் யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கே இடிக்கிறது?

வண்ணாரப்பேட்டை:

பிராத்தை அப்படியே குவெட்டில் (அளக்கிற சின்னக் குழாயில்) ஊற்றி அளந்திருப்பீர்கள். 0.4, 0.5 தாண்டினால் ஓ.டி.க்கும் செல் எண்ணிக்கைக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. பத்துக்கு ஒன்றாக அதே பிராத்தில் நீர்த்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். பிளாங்க் (மிஷினைப் பூஜ்யத்தில் வைக்கிற சாம்பிள்) ஊசி போடாத, அதாவது பாக்டீரியா விடாத, பிராத்தாக இருக்கவேண்டும், தண்ணீர் கூடாது. குவெட்டின் வழுவழுப் பக்கத்தில் கை படாமல் பிடிக்கவும்.

ஆலங்குளத்துக்காரி:

நன்றி சார். பிளாஸ்க் இன்னும் இருந்ததால் உடனே நீர்த்துப் பார்த்தேன். 0.29 காட்டுகிறது. அப்படியென்றால் உண்மையான ஓ.டி. 2.9. இடைவெளி குறையும் என்று பார்த்தால் இன்னும் அகன்றுவிட்டது! பிளாங்க் பிராத்தில்தான் வைத்தேன்.

பாளை லேப் அண்ணாச்சி:

தங்கச்சி, ரொம்ப நல்ல டேட்டா. ஒரு வரியைக்கூடத் தூக்கிப் போடாதே. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவன். ஓ.டி. அளக்கிற ஸ்பெக்ட்ரோ மிஷின் பக்கத்தில் நின்று பிள்ளைகள் திருதிருவென்று முழிப்பதைத் தினமும் பார்த்த ஆள். வண்ணாரப்பேட்டைத் தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான்.

முதலில் அந்த மிஷின் என்ன பண்ணுகிறது என்று பார். 600-இல் பாக்டீரியா பெரிதாக ஒளியை உறிஞ்சுவதில்லை. செல்லில் பட்ட ஒளி பக்கவாட்டில் சிதறிப்போகிறது. நேரே எதிர்ப்பக்கம் எவ்வளவு குறைவாக வந்து சேர்ந்தது என்பதைத்தான் மிஷின் எண்ணாகக் காட்டுகிறது. பிராத் கெட்டியானால், ஒரு செல்லில் பட்டுச் சிதறிய ஒளி இன்னொன்றில் பட்டு மறுபடி டிடெக்டர் பக்கமே திரும்பிவிடும். அதனால் கெட்டிப் பிராத்தில் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். 1.85 என்றது 2.9 ஆனது இதனால்தான். செல் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று அதற்குத் தெரியாது. செத்த செல்லும் உடையாமல் கிடக்கிறவரை ஒளியைச் சிதறடிக்கும்.

இன்னொன்று. "ஓ.டி. 1 என்றால் 8 × 10⁸" என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்களே, அது ஈ.கோலைக்கு ஒரு உத்தேசக் கணக்கு. உன் ரைசோபியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈஸ்ட்டுக்குப் போனால் அதே ஓ.டி. 1-க்கு எண்ணிக்கை கோடிக் கணக்கில்தான் நிற்கும், செல் அவ்வளவு பெரிது. ஏன், ஒரே பிராத்தை இரண்டு கம்பெனி மிஷினில் வைத்தால் இரண்டு எண் வரும். உன் ஸ்ட்ரெயினுக்கு (நீ பிரித்த ரகத்துக்கு), உன் மிஷினில், நீயேதான் நேர்க்கோடு போட்டுக்கொள்ளவேண்டும். முதல் மூன்று நாள் கணக்கு அதற்கு ஆரம்பம்.

சரி, நாலாம் நாளுக்கு அப்புறம் ஓ.டி. ஏன் ஏறுகிறது? ஒய்.இ.எம். பிராத்தில் லிட்டருக்கு 10 கிராம் மானிட்டால் போடுகிறோம். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம். அதாவது கார்பன் வழிகிறது, நைட்ரஜன் சொட்டுச் சொட்டாக. நைட்ரஜன் தீர்ந்ததும் செல்லால் பிரிந்து பெருக முடியாது. ஆனால் மானிட்டால் இன்னும் கிடக்கிறதே, அதைச் சும்மா விடாது. ஒரு பங்கை வெளியே கோந்தாகத் தள்ளும், ஒரு பங்கை உள்ளே பி.எச்.பி. (கொழுப்பு மாதிரியான சேமிப்புப் பொருள்) உருண்டையாகச் சேர்த்து வைக்கும். அந்த உருண்டை ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். ஆக எண்ணிக்கை ஏறாமலே ஓ.டி. ஏறும். இது கோளாறு இல்லை, ரைசோபியத்தின் குணம்.

கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டாம் நாள் சாம்பிளிலும் ஆறாம் நாள் சாம்பிளிலும் ஆளுக்கொரு ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிய பூச்சு) போடு. சூட்டில் ஒட்டவைத்து, சூடான் பிளாக் என்ற, அந்த உருண்டையில் ஏறுகிற சாயத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடு. வடித்து, சைலீனில் ஒரு அலசு. அப்புறம் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம், சில வினாடி போதும். ஆயில் இம்மர்ஷனில் பார்த்தால் இரண்டாம் நாள் ஸ்லைடில் மெலிந்த இளஞ்சிவப்புக் கோல்கள் இருக்கும். ஆறாம் நாளில் அதே கோல் உப்பிப்போய், உள்ளே கருநீலப் புள்ளி ஒன்றோ இரண்டோ உட்கார்ந்திருக்கும். சில செல்லில் புள்ளியே செல்லை அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டு. வைவாவுக்கு வருகிறவர் வேறு கேள்வி கேட்கமாட்டார்.

இனி பிளேட் பக்கம். கோந்து கூடக் கூடச் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஐம்பது செல் சேர்ந்த கொத்தும் பிளேட்டில் ஒரே காலனிதான். கல்யாண வீட்டு வாசலில் வேனை எண்ணிவிட்டு ஆள் கணக்குச் சொல்கிற மாதிரி. முதல் டைல்யூஷன் குழாயில் உப்புக் கரைசலோடு துளி ட்வீன் 80-ம் (கொத்தைப் பிரிக்கிற சோப்பு மாதிரித் திரவம்) நாலைந்து கண்ணாடி மணியும் போட்டு நன்றாகக் குலுக்கு. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நீர்க்கிறாயா? நிறுத்து. 0.85 சதவீத உப்புக் கரைசல் வை. ஒவ்வொரு குழாய்க்கும் புது டிப் மாற்று, கோந்துப் பிராத் டிப்பின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த குழாய்க்கும் வந்துவிடும்.

இப்போது உன்னிடம் இரண்டு கேள்வி. ஷேக்கர் எங்கே இருக்கிறது? பிளேட் வைக்கிற இன்குபேட்டர் எந்த மாதிரி?

ஆலங்குளத்துக்காரி:

அண்ணாச்சி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. உப்புக் கரைசல்தான் போட்டேன், ட்வீன் போடவில்லை. ஷேக்கர் மாடி லேபில், ஜன்னலோரம். ஏ.சி. கிடையாது. இன்குபேட்டர் சாதாரண பாக்டீரியா இன்குபேட்டர், 28-இல் செட் பண்ணியிருக்கிறேன். இதெல்லாம் சித்திரை மாசம் பண்ணியது.

பாளை லேப் அண்ணாச்சி:

அதைச் சொல்லு! நம்ம ஊர்ச் சித்திரையில், ஏ.சி. இல்லாத மாடியில், சாதாரண இன்குபேட்டரில் 28 எங்கே இருந்து வரும்? அந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அறை 36 என்றால் உள்ளேயும் 36-க்குக் குறையாது. குமிழை 28-இல் திருகி வைத்தால் ஹீட்டர் அணைந்திருக்கும், அவ்வளவுதான். உன் லேபில் பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்று ஏதாவது மூலையில் இருக்கும். தண்ணீர் சோதனைக்கு 20 டிகிரியில் ஐந்து நாள் வைக்கிறதற்காக வாங்கியது, அதில் கம்ப்ரஸர் உண்டு. கேட்டு வாங்கி அதில் வை. டிஸ்பிளேயை நம்பாதே. ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றித் தெர்மாமீட்டர் போட்டு உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார். ரைசோபியத்துக்கு 28லிருந்து 30 வரை சுகம். 37-ஐ நெருங்கினால் நிறைய ஸ்ட்ரெயின் சுருண்டுவிடும். இளம் செல் எப்படியோ சமாளித்துக் காலனி போடும். பட்டினியில் கிடந்த ஆறாம் நாள் செல்லுக்கு அந்தச் சூட்டில் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. உன் 8 × 10⁷-இல் இதற்கும் பங்குண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஜன்னலோர ஷேக்கரில் இன்னொரு வம்பு: ஆவி. பஞ்சு அடைப்பு வழியாக ஆறு நாளில் நல்ல அளவு தண்ணீர் போய்விடும். தண்ணீர் குறைந்தால் பிராத் கெட்டியாகும், ஓ.டி. அதனாலும் ஏறும். ஊசி போட்டதும் பிளாஸ்க்கை எடைபோட்டுக் குறித்துக்கொள். தினமும் சாம்பிள் எடுக்கிறதுக்கு முன்னால் எடைபோட்டு, குறைந்த அளவுக்கு ஸ்டெரைல் தண்ணீர் விட்டு நிரப்பு. பிளேட்டும் அப்படித்தான் காயும், மெல்லிசாக ஊற்றினால் ஆறு நாள் தாங்காமல் ஓரம் சுருண்டு வெடிக்கும். 25 மி.லி. ஊற்றி, கவிழ்த்து, பாலிதீன் பையில் போட்டுக் கட்டு.

நாம் அகார் யுகத்தில் பிறந்தோமே என்று சந்தோஷப்படு. 1881 வாக்கில் பாக்டீரியா ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் ஆய்வகத்தில் ஜெலட்டினில்தான் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தார்கள், வெயில் வந்தால் உருகி ஓடும். ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மாதான் சமையலறைப் பழக்கத்தில் அகாரைப் போடச் சொன்னது. ஜெலட்டினை நம்ம சித்திரையில் பிளேட்டில் ஊற்றினால் டம்ளரில் குடிக்கலாம்.

கரிசல்காடு:

அண்ணாச்சி சொன்னதில் ஒரு வார்த்தை தள்ளமுடியாது. நான் கோவில்பட்டிப் பக்கம் சின்னதாக உயிர் உரம் போடுகிறவன். எங்களுக்கு இது படிப்பு விஷயமில்லை, பிழைப்பு. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் உயிர் உரத்தையும் சேர்த்தார்கள். ரைசோபியம் பொடியென்றால் கிராமுக்கு 5 × 10⁷ உயிருள்ள செல், திரவமென்றால் மி.லி.க்கு 10⁸. அதுவும் பிளேட்டில் எண்ணித்தான், ஓ.டி.யைக் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். உங்கள் ஆறாம் நாள் பிராத்தைத் திரவ உரமாகப் பாட்டிலில் அடைத்தால் ஃபெயில். ஓ.டி.யைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும்!

நாங்கள் பெர்மென்டரில் (பெரிய வளர்ப்புத் தொட்டியில்) ஓ.டி. பார்ப்பது எப்போது இறக்குவது என்று தெரிந்துகொள்ள மட்டும். ஏற்றம் மட்டுப்படுகிற நேரத்தில் இறக்கி லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) பொடியில் கலந்துவிடுவோம். விவசாயி அதை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து உளுந்தில் பிசறி நிழலில் காயவைத்து விதைக்கிறார். பாக்கெட்டைக் கடையில் வெயில் படுகிற ஷெல்ஃபில் வைத்துவிட்டால் நம் கணக்கெல்லாம் வீண், அது வேறு வயிற்றெரிச்சல்.

தங்கச்சிக்கு ஒரு கேள்வி: பிளேட்டில் மறுநாள் காலையிலேயே ஏதாவது காலனி தெரிந்ததா?

ஆலங்குளத்துக்காரி:

ஆமாம் அண்ணா, 5, 6-ம் நாள் பிளேட்டில் மட்டும் ஒன்றிரண்டு வந்தது. தட்டையாக, ஓரம் நெளிநெளியாக, கொஞ்சம் சிவப்பேறி. அதைச் சேர்க்காமல்தான் எண்ணினேன்.

கரிசல்காடு:

அப்போ அது ரைசோபியம் கிடையாது. நாலைந்து நாள் எடுக்கிற ஸ்ட்ரெயின் ஒரே ராத்திரியில் காலனி போடாது. பார்க்க பேசில்லஸ் (ஸ்போர் என்ற உறை வித்துப் போடுகிற வேறு பாக்டீரியா) மாதிரி இருக்கிறது. கிராம் போட்டு ஸ்போர் இருக்கிறதா பாருங்கள். தினமும் பஞ்சைத் திறந்து சாம்பிள் எடுக்கிறபோது உள்ளே போயிருக்கும். ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது இது இன்னும் மோசமாகும், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத் திறங்கள். சேர்க்காமல் எண்ணியது சரி. ஆனால் ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

பாளை லேப் அண்ணாச்சி:

நல்ல கேள்வி கேட்டீர், கரிசல். ஒரே பிளாஸ்க்கைத் தினமும் திறக்காமல், ஆறு சின்ன பிளாஸ்க்கில் ஒரே நேரத்தில் ஊசி போட்டு, நாளுக்கு ஒன்றாக எடுத்து அளந்து கொட்டிவிடலாம். பிராத் கொஞ்சம் அதிகம் செலவாகும், தலைவலி குறையும்.

தங்கச்சி, பிளேட் செலவு கையைக் கடித்தால் மைல்ஸ் மிஸ்ரா முறையில் போடு. ஒரு பிளேட்டைக் கோடு கிழித்துப் பிரித்து, 20 மைக்ரோலிட்டர் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு டைல்யூஷனும். சொட்டு அகாரில் இறங்குகிறவரை பிளேட்டை அசைக்காதே. உன் காலனி வழவழவென்று ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகிற சாதி, அதனால் சின்னதாக இருக்கும்போதே லென்ஸ் வைத்து எண்ணு. முழு பிளேட்டென்றால் 30-க்கும் 300-க்கும் நடுவில் உள்ளதை மட்டும் எடு. 10⁻⁶ குழாயிலிருந்து 0.1 மி.லி. பரப்பி 64 வந்தால் 6.4 × 10⁸, உன் மூன்றாம் நாள் கணக்கு அதுதானே?

வரைபடத்தில் இரண்டு கோட்டையும் போடு. கீழே நாள், இடப்பக்கம் காலனி எண்ணிக்கை லாக் அளவில், வலப்பக்கம் நீர்த்து அளந்த ஓ.டி. நாலாம் நாளில் இரண்டும் பிரிகிற இடத்தில் சூடான் பிளாக் போட்டோவைச் சொருகு. பி.ஓ.டி. இன்குபேட்டரில் மறுபடி ஓட்டிவிட்டு எண்களை இங்கேயே போடு, பார்த்துச் சொல்கிறேன். காங்கோ ரெட் பிளேட்டை வெளிச்சத்தில் வைக்காதே, காலனி சாயம் பிடித்துக் குழப்பிவிடும்.