உதவி தேவை: எம்.பி. ஆபீஸில் கொடுத்த மனு நாடாளுமன்றம் வரை போக என்ன வழி?

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. முன்பு ஆளில்லா கேட் இருந்தது. அதை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்துக் கொடுத்தார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேலே ஏறித் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். போன மழைக்காலத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் நின்ற 108 வண்டியில் ஏற்றினோம்.

திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தாயிற்று. அது ரயில்வேக்குப் போனது. தண்ணீரை இறைப்பது ஊராட்சியின் வேலை என்று அங்கிருந்து பதில். ஊராட்சியில் கேட்டால் அது ரயில்வே இடம், நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள். ஊர்க்கூட்டம் போட்டு எம்.பி.யிடம் கொடுப்போம் என்று கிளம்பினோம். அவர் ஆபீஸ் எங்களுக்கு எழுபது கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கிருந்தவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். சீல் இல்லை, நம்பர் இல்லை. பிறகு போய்க் கேட்டபோது அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நாடாளுமன்றத்துக்கு என்று நம் மாவட்டத்தில் ஏதாவது அலுவலகம் உண்டா? எங்கள் விஷயம் அங்கே பேசப்பட்டதா இல்லையா என்பதை ஊரில் இருந்துகொண்டே எப்படித் தெரிந்துகொள்வது?

சிவகாசிக்காரன் எழுதியது:

எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள் அக்கா. அவருக்குத் தொகுதியிலேயே அரசு கட்டிக்கொடுத்த ஆபீஸ் இருக்கும். பக்கத்து ஊர்தானே, ஈஸியாகப் பார்த்துவிடலாம்.

வாய்க்கால்கரை எழுதியது:

பார்த்தோம் தம்பி. நல்லபடியாகத்தான் பேசினார். ரயில்வே மத்திய அரசு சம்பந்தப்பட்டது, சட்டமன்றத்தில் எழுப்பினாலும் கடைசியில் டெல்லிக்குத்தான் கடிதம் போகும் என்றார்.

பழைய உதவியாளர் எழுதியது:

அம்மா, நான் ஒரு எம்.பி.யிடம் சில ஆண்டுகள் தொகுதி உதவியாளராக இருந்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. மாவட்டத்தில் நாடாளுமன்றச் செயலகத்துக்குக் கிளை கிடையாது. எம்.பி. வைத்திருக்கும் ஆபீஸ் ஒன்றுதான் வாசல். அதற்கென்று அவருக்கு மாதாமாதம் அலுவலகப் படி வருகிறது. அதில் ஒரு பகுதி உதவியாளர் சம்பளத்துக்கானது. ஆனால் ஆபீஸ் எந்த ஊரில் இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்திருக்க வேண்டும், மனுவுக்கு ரசீது கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஒரு மக்களவைத் தொகுதி என்றால் ஆறு சட்டமன்றத் தொகுதி. கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்து ஆஸ்பத்திரி சிபாரிசுக் கடிதம் வரைக்கும் எல்லாமே அந்த ஒரே மேசைக்கு வரும். உங்கள் மனு காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இதைத் தாண்டி வர வேண்டுமென்றால், மனுவைப் பார்த்த மாத்திரத்தில் உதவியாளருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால் அது பழைய காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். "இந்தக் கூட்டத்தொடரில் விதி 377இன் கீழ் எழுப்ப வேண்டுகிறோம்" என்று எழுதுங்கள். மக்களவையில் கேள்வி நேரம், விவாதம் எதிலும் அடங்காத தொகுதிப் பிரச்சினைகளை எழுப்ப உறுப்பினருக்கு உள்ள வழி அது. 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அவைக் குறிப்பில் ஏறும். அமைச்சகம் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும். அந்த 250 சொல்லையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உதவியாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய கேட்டின் எல்.சி. (லெவல் கிராசிங்) எண், இரண்டு பக்கமும் உள்ள ஸ்டேஷன்களின் பெயர், ரயில்வே கிலோமீட்டர் எண் மூன்றும் கட்டாயம். கிலோமீட்டர் எண் தண்டவாள ஓரத்துக் கல்லிலோ மின்கம்பத்திலோ இருக்கும். ரயில்வே அனுப்பிய பதில், ஊராட்சி சொன்ன பதில் இரண்டையும் மனுவோடு இணையுங்கள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கைகாட்டுகிறார்கள் என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

நேரமும் முக்கியம். கேள்வியாகக் கேட்பதென்றால் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும். ஜூனிலேயே மனு அவர் மேசையில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்ற பிறகு கொடுத்தால் தாமதம்.

கரிசல்மகள் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் ஒரு சுரங்கப்பாதையைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டால், உள்ளூர் விவகாரம் என்று தள்ள வாய்ப்புண்டு. "இந்த ரயில்வே கோட்டத்தில் மழைநீர் தேங்கும் சுரங்கப்பாதைகள் எத்தனை, பம்ப் வைத்தவை எத்தனை, பராமரிப்பு யார் பொறுப்பு" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விக்குத்தான் அவையில் வாய்மொழிப் பதில். எழுத்துப் பதில் மக்களவையில் 230 கேள்விக்கு வரும், அதுவே நமக்குப் போதும். "யார் பொறுப்பு" என்பதற்கு அமைச்சரின் பெயரில் ஒரு வரி கிடைத்தால், அடுத்த முறை ஊராட்சியும் கோட்டமும் உங்களை அலைக்கழிக்க முடியாது.

இரண்டாவது கேள்விக்கு: நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் கேட்ட கேள்விகளும் பதில்களும் வந்துவிடும். விதி 377இல் எழுப்பியவை விவாதக் குறிப்பில் இருக்கும்.

நெல்லைவாசி எழுதியது:

கட்சி ஆபீஸ் மாதிரி இருக்கிற இடத்துக்குள் பெண்கள் தனியாகப் போய் மனு கொடுக்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாம் ஓட்டுப் போடாத ஆள் ஜெயித்திருந்தால் அந்தத் தயக்கம் இன்னும் கூடுகிறது. வாசலில் கொடி, உள்ளே கட்சிக்காரர்கள், யார் ஊழியர் யார் தொண்டர் என்றே தெரியாது. நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொது. அதன் வாசல் மட்டும் ஏன் ஒரு கட்சியின் வாசலாக இருக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ, வட கேப், வடமேற்கு மாகாணங்களில் நாடாளுமன்றமே தன் பெயரில் அலுவலகம் நடத்துகிறது. கேப் டவுனில் இருந்து வெகுதொலைவில் இருக்கிற கிராமப்புறப் பகுதிகள் அவை. அங்கே இருப்பவர்கள் நாடாளுமன்ற ஊழியர்கள், எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. அதே போல இங்கே ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஓர் அறை, ஒரு பதிவேடு, தமிழ் தெரிந்த இரண்டு ஊழியர்கள் இருந்தாலே வாய்க்கால்கரை அக்கா மாதிரி ஆட்கள் அலைய வேண்டியிருக்காது. அதற்கும் சேர்த்து நாம் கோரிக்கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பழைய உதவியாளர் எழுதியது:

கோரிக்கை நியாயமானது. ஆனால் நாடாளுமன்றம் ஆள் போட்டால் மட்டும் எம்.பி. காது கொடுத்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். வாங்கிய மனு அவர் கைக்குப் போகிற ஏற்பாடும் வேண்டும். உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒரு நாள் உதவியாளரை ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். அரசுக் கட்டடம், கொடி இருக்காது. பத்து ஊர் சேர்ந்து கேட்டால் எந்த எம்.பி.யும் மறுக்கத் தயங்குவார்.

கரிசல்மகள் எழுதியது:

எம்.பி. வழியாகவே போக வேண்டும் என்றும் இல்லை. மக்களவைக்கு மனுக்கள் குழு இருக்கிறது, 15 உறுப்பினர்கள். அமைச்சர்கள் அதில் இருக்க முடியாது. உறுப்பினர் ஒருவர் மேலொப்பம் போட்டு அவையில் தாக்கல் செய்யலாம், அல்லது நீங்களே நேராக மக்களவைப் பொதுச் செயலாளருக்கு அனுப்பலாம். கையெழுத்துப் போடுபவர்களின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். கோர்ட்டில் வழக்கு நடக்கிற விஷயமாக இருக்கக் கூடாது.

ஒரு சிக்கல்: மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் கொடுத்தால் மனுதாரர் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பைச் சேர்க்க வேண்டும். எம்.பி. அவைக்குள் தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள். மனு எழுதுகிற ஊர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. எனக்கு இது மனதை உறுத்துகிறது. மாவட்டத்தில் ஓர் அலுவலகம் வந்தால் அது செய்ய வேண்டிய முதல் வேலை இந்த மொழிபெயர்ப்புத்தான்.

சிவகாசிக்காரன் எழுதியது:

ராஜ்யசபா எம்.பி.க்கும் கொடுக்கலாமா?

கரிசல்மகள் எழுதியது:

தாராளமாக. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர். அவர்கள் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவர்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

பழைய உதவியாளர் எழுதியது:

இன்னொன்று விட்டுப்போயிற்று. மாவட்டத்தில் மத்திய அரசுத் திட்டங்களைப் பார்க்க "திஷா" என்று ஒரு கண்காணிப்புக் குழு இருக்கிறது. எம்.பி. தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எம்.பி.யும் ஆட்சியரும் ஒரே மேசையில் இருக்கும் இடம் அது. உங்கள் விஷயத்தில் ஊராட்சிப் பக்கத்தை ஆட்சியரும் ரயில்வே பக்கத்தை எம்.பி.யும் அங்கேயே பேசி முடிக்க முடியும். அடுத்த கூட்டத்தில் இதை வைக்கும்படி இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

வாய்க்கால்கரை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஊரில் படித்துக் காட்டினேன். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை வைத்து, ஜூன் முதல் வாரம் எம்.பி. ஆபீஸுக்குப் போகிறோம். கூடவே ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு பிரதி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்கிறோம். ஒன்றிய ஆபீஸில் மாதம் ஒரு நாள் என்ற கோரிக்கையைப் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து கேட்கச் சம்மதித்துவிட்டார்கள்.

மனுக்கள் குழுவுக்கு அனுப்புவதைத் தமிழில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் சரியாக மாற்றித் தர யாராவது முன்வர முடியுமா? கடைசிப் பத்தியில் என்ன கேட்க வேண்டும் என்பதிலும் குழப்பம்.

கரிசல்மகள் எழுதியது:

அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன். கடைசிப் பத்தியில் இரண்டே வேண்டுகோள் வையுங்கள். அந்தச் சுரங்கப்பாதைக்கு நிரந்தர பம்ப்பும் வடிகாலும். பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் ஓர் உத்தரவு. தாண்டிப் போகும் பிள்ளைகளின் போட்டோ இருந்தால் இணைக்கலாம், முகம் தெரியாமல் எடுங்கள். கையெழுத்துத் தாள்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் மனுவின் பொருளை எழுதுங்கள். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்தை ஒட்டியது போலத் தெரியக் கூடாது.

நெல்லைவாசி எழுதியது:

எங்கள் பக்கத்திலும் இரண்டு சுரங்கப்பாதை இதே நிலைதான். உங்கள் மனுவின் படிவத்தை இங்கே போட்டால் நாங்களும் எங்கள் எம்.பி.க்குக் கொடுக்கிறோம். இரண்டு தொகுதியில் இருந்து ஒரே கேள்வி போனால் கோட்டம் முழுவதற்கும் கணக்குக் கேட்க அவர்களுக்கும் வசதி.