புஷ், லிங்க் எல்லாம் புதுசு. புளியரை வளைவுல இன்னும் "கடக் கடக்"

செங்கோட்டை ஸ்விஃப்ட்:
2008 ஸ்விஃப்ட் பெட்ரோல். முன்பக்கம் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோட சேர்க்குற கை) ரப்பர் புஷ் 4, ஸ்டெபிலைசர் பாரோட (ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற கம்பி) லிங்க் 2, அந்த பாரைப் பிடிக்கிற டி புஷ் 2 மாத்தி பத்து நாள் ஆகுது. ஆரியங்காவு ஏறும்போது ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா இடதுபக்கம் "கடக் கடக்". ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டும் சேர்ந்து ஏறினா சத்தமே இல்ல. இன்னொண்ணு, "கிரீச்"னு, சாரல்ல நனைஞ்சா அது காணாமப் போயிடுது. சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முறுக்கியாச்சு. எங்க தப்பு அண்ணாச்சி?

தென்காசி டூல்பாக்ஸ்:
ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா ஸ்டெபிலைசர் பார் சும்மா உருளும், லிங்க்ல இழுவை விழாது. ஒண்ணு மட்டும் இறங்கினாத்தான் விழும். அதனால கடகடப்பு இடது லிங்க். நட்டு முறுக்கும்போது லிங்க்கோட ஸ்டட்டும் (நட்டு ஏறுற மரைக்கம்பி) கூடவே சுத்தியிருக்கும். கைக்கு டைட் மாதிரி தெரியும், உள்ள லூஸாத்தான் கெடக்கும். ஸ்டட் நுனிக் குழியில ஆலன் கீயைக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு, ரிங் ஸ்பேனர்ல நட்டைத் திருப்புங்க. கழட்டினா நைலான் நட்டு புதுசு போடுங்க. முன்சக்கரம் ரெண்டையும் ஒரே மட்டத்துல தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினாத்தான் பார் முறுக்கில்லாம இருக்கும், லிங்க் ஓட்டைக்கு நேரா வரும். வெறும் ஜாக்கை நம்பி அடியில போகாதீங்க.

நனைஞ்சா போற சத்தம் டி புஷ். பார்ல துரு இருக்கு. எமரி பேப்பர் போட்டுத் துடைங்க. சேஸிஸ் கிரீஸ் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சிலிகான்னா ரப்பருக்குக் கெடுதல் இல்ல.

செங்கோட்டை ஸ்விஃப்ட்:
ஆலன் குழி வழுக்குது. லோயர் ஆர்மையும் திரும்பக் கழட்டணுமா?

பார்டர் கேரேஜ்:
ஆர்மைக் கழட்ட வேண்டாம் தம்பி, போல்ட்டை லூஸ் பண்ணினா போதும். அந்த புஷ்ல வெளிவளையம் ஆர்மோட இறுகியிருக்கும், உள்குழாயை போல்ட் கவ்வும். நடுவுல ரப்பர் வழுக்காது, முறுகத்தான் செய்யும். தொங்கும்போதே இறுக்கினா, வண்டி தரையில நிக்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கெடக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை அரைச்சுத்து தளர்த்துங்க. பால் ஜாயின்ட் (ஆர்ம் சக்கரத்தோட சேருற இடம்) பக்கம் ஆர்முக்கு அடியில ஜாக் வச்சு, வண்டி ஸ்டாண்டைவிட்டு லேசா எழும்ப ஆரம்பிக்கிற இடம்வரை தூக்குங்க. அந்த நிலையில டார்க் ரெஞ்சால (முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) மேனுவல் அளவுக்கு முறுக்குங்க. டி புஷ் கிளாம்பையும் அப்பவே. பத்து நாள்தானே, ரப்பர் விளிம்புல கீறல் இல்லன்னா புஷ் தப்பிச்சிரும்.

ஆர்மோட பின்பக்கப் பெரிய புஷ்ல, ரப்பருக்கு நடுவுல தயாரிப்பிலேயே விட்ட வெட்டு இருந்தா, அது பழசு நின்ன திசையிலேயே நிக்குதான்னு பாருங்க. திரும்பி இருந்தா மட்டும் ஆர்மைக் கழட்டி பிரஸ்ல திரும்ப அடிக்கணும். சுத்தியல் வேண்டாம், ஆர்ம் காது வளையும்.

ஆலன் வழுக்கினா, ரப்பர் உறையில படாம அதுக்குப் பின்னாடி ஸ்டட்டை வைஸ் கிரிப் பிளையரால கவ்விப் பாருங்க. பிடிக்கலன்னா கிரைண்டர்ல நட்டை அறுத்து, அந்த லிங்க்கை மட்டும் புதுசு வாங்கிக்கிடுங்க.

செங்கோட்டை ஸ்விஃப்ட்:
வீல் அலைன்மென்ட் பண்ணணுமா?

பார்டர் கேரேஜ்:
ஆர்ம் கழண்டா கட்டாயம். லிங்க் மட்டும்னா தேவையில்ல.