பத்தாம் வகுப்புப் பையனின் கபடியை நிறுத்தலாமா?

மன்னார்குடி தாய்மாமன்:
என் அக்காள் மகன் வடுவூர்ப் பக்கம் ஓர் ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அக்காள் கணவர் குடியினால் வேலையை இழந்து, நகைகளையும் அடகில் மூழ்கவிட்ட நிலையில், அக்காள் தையல் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்துகிறார். வீட்டில் சண்டை நடக்கும்போது பையன் வாய் திறப்பதில்லை; விடியும் முன்பே எழுந்து கபடிக் களத்துக்குப் போய்விடுகிறான், மாலையிலும் அங்கேதான் இருக்கிறான். பொதுத்தேர்வு முடியும்வரை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவனைக் கேட்டால், "அங்க இருக்கிறப்ப வீட்டு நெனப்பே வராது மாமா" என்கிறான். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
நிறுத்த வேண்டாம் ஐயா. எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனுக்கு, அதாவது ரெய்டு போகிறவனுக்குக் கிடைப்பது 30 நொடிகள். எதிரணியில் ஓரத்தில், அதாவது கார்னரில் நிற்பவன் எப்போது காலைப் பிடிப்பான் என்பதைத் தவிர வேறெதையும் அவன் அப்போது நினைக்க முடியாது. எந்த நேரத்தில் எது வெடிக்குமோ என்று அஞ்சியிருக்கும் பிள்ளைக்கு, கோடும் நடுவரும் நேரக்கணக்கும் உள்ள ஓரிடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். தேர்வுக்காக மாலைப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், காலைப் பயிற்சி இருக்கட்டும்.

ஆனால் அவன் சாப்பாட்டைக் கவனியுங்கள். 16 வயதுக்கு உட்பட்ட சப்-ஜூனியர் பிரிவில் ஆண்களுக்கு எடை வரம்பு 55 கிலோ. அதற்குள் நிற்பதற்காகப் பிள்ளைகள் அணித் தேர்வுக்கு முந்தைய நாட்களில் பட்டினி கிடப்பதுண்டு. வீட்டிலும் சோறு குறைவு என்றால், "எடை குறைக்கிறேன்" என்று சொல்லித் தன் பங்கைத் தங்கைக்கோ தம்பிக்கோ தள்ளிவிடும் பையன்களும் உண்டு.

பழைய ரெய்டர்:
ஆசிரியர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இரவுப் போட்டிகளை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்து ஊர்களில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி விளக்கு போட்டு விடிய விடிய நடக்கும் ஆட்டங்களில் ரொக்கப் பரிசு உண்டு. அந்தப் பணம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டால், அதுவரை மனத்துக்காக ஆடியவன் மளிகைக் கடன் அடைக்க ஆடத் தொடங்கிவிடுவான். முழங்கால் வீங்கியிருந்தாலும் வெளியே சொல்லமாட்டான். என்னோடு ஆடியவர்களில் சிலருக்குக் கால் அப்படித்தான் போயிற்று. பரிசுப் பணம் வேண்டாம் என்று அவன் அம்மாவே சொன்னால்தான் அவன் கேட்பான்.

செவிலியர், தஞ்சை:
2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் வடுவூர் அபினேஷும் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் கபடியில் தங்கம் வென்ற அணிகளில் இருந்தார்கள். அரசு தலா 25 லட்சம் ரூபாய் அளித்தது. உங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். தோற்றால் குடும்பமே தோற்றுவிடும் என்று அவன் நினைத்துவிட்டால், மூச்சுவிட இருந்த ஓரிடமும் போய்விடும்.

மேலும், இங்கே எல்லோரும் பையனைப் பற்றியே பேசுகிறோம், குடிக்கிறவர் அவனல்லவே. அவன் அப்பாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போவது உங்களைப் போன்ற ஆண் உறவினரால்தான் முடியும். அவர் வர மறுத்தாலும், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் உங்கள் அக்காவோ பையனோ கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வீட்டில் பையனுக்கு அடி விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

மன்னார்குடி தாய்மாமன்:
நன்றி. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கு அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரத் தேர்வு நடத்துவார்கள். தங்குமிடம், உணவு, சீருடை எல்லாம் இலவசம். விண்ணப்பிக்கும் முன் அவனைக் கேளுங்கள். அம்மாவை அந்த வீட்டில் தனியே விட்டுப்போக அவன் சம்மதிப்பானா என்பது எனக்கு ஐயமே; அப்பாவின் சிகிச்சை அதற்குள் தொடங்கியிருந்தால் ஒருவேளை சம்மதிக்கலாம்.